வீட்டுக் கடன் படிவத்தில் இனத்தைக் கேட்பது ஏன்?

அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கு மனு போட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். சம்பளம், சேமிப்பு, ஏற்கெனவே உள்ள கடன்கள் எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு, ஒரு பக்கத்தில் நீங்கள் ஆணா பெண்ணா, எந்த இனம், எந்தப் பூர்வீகம் என்று கேட்டிருப்பார்கள். 2018 முதல் 'ஆசியர்' என்பதற்குக் கீழே 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டமே உண்டு. சொல்ல விருப்பமில்லை என்றும் குறிக்கலாம். ஆனால் நேரில் போய் மனு கொடுத்துவிட்டு அந்தப் பகுதியை வெறுமையாக விட்டால், உங்கள் முகத்தையும் பெயரையும் வைத்துக் கடன் அதிகாரியே ஒன்றைக் குறித்தாக வேண்டும். விதி அப்படித்தான் இருக்கிறது.

முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும். இனம் பார்த்துக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்ட நாட்டில் இனத்தை ஏன் கேட்கிறார்கள்? நியாயமான சந்தேகம்தான். ஆனால் அந்தக் கேள்வியைப் படிவத்தில் ஏற்றுவதற்குப் பலர் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள்.

கடன் மறுப்பு சத்தமில்லாமல் நடக்கும் காரியம். 'மன்னிக்கவும், உங்கள் வருமானம் போதவில்லை' என்று ஒருவரிடம் சொல்லும்போது, அதே வருமானத்தோடு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பது அவருக்குத் தெரியாது. தனக்கு அநியாயம் நடந்ததா இல்லையா என்றே அவரால் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான மனுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியவரும். அதற்கு யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும். வீட்டுக் கடனில் நியாயத்தை அரசு கண்காணிப்பது என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்கு வேலைதான்.

அரசே போட்ட சிவப்புக் கோடு

1930களின் பெருமந்தத்தில் லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் வீட்டுத் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள். அவர்களைக் காப்பாற்ற 1933இல் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்று ஒன்றை அரசு தொடங்கியது. சுமார் 10 லட்சம் கடன்களை அது மாற்றி எழுதிக் கொடுத்தது. அப்புறம் 1935 முதல் 1940 வரை 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடங்கள் தயாரித்தது. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரியும் பகுதிக்கு மஞ்சள், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் சிவப்பில் விழுந்தன. சில பகுதிகளையே கடன் கொடுக்காமல் ஒதுக்குவதை இன்றும் 'ரெட்லைனிங்', அதாவது சிவப்புக் கோடு போடுவது, என்பார்கள்; அந்தச் சொல்லோடு இணைத்துப் பேசப்படுவது இந்தச் சிவப்புதான்.

ஆனால் பழியை முழுக்க இந்த வரைபடத்தின் மேல் போடுவது சரியாக இருக்காது. கழகத்தின் கடன்களில் பெரும்பகுதி வரைபடம் வருவதற்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. கறுப்பினக் குடும்பங்களும் அதில் கடன் பெற்றார்கள். உண்மையில் அதிகக் கேடு செய்தது 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், அதாவது எஃப்.எச்.ஏ. அதற்கு முன்பெல்லாம் வீடு வாங்க விலையில் பாதியை முன்பணமாகக் கொடுத்து, மீதியைச் சில ஆண்டுகளிலேயே அடைக்க வேண்டியிருந்தது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கிக்கு நாங்கள் கொடுக்கிறோம் என்று எஃப்.எச்.ஏ. காப்பீடு கொடுத்ததும், முன்பணம் ஐந்தில் ஒரு பங்காகவும் அதற்கும் கீழேயும் இறங்கியது. தவணைக் காலம் 20 ஆண்டு, 25 ஆண்டு என்று நீண்டது. சாதாரணச் சம்பளக்காரர்கள் வீடு வாங்க முடிந்தது இதனால்தான்.

அந்தக் காப்பீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு எஃப்.எச்.ஏ. ஒரு கையேடு வைத்திருந்தது. ஒரு பகுதி நிலையாக இருக்க வேண்டுமானால் அங்கே ஒரே சமூக, இனப் பிரிவினரே தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்று அந்தக் கையேடு எழுத்திலேயே சொன்னது. வேறு இனத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைப்பதையும் பரிந்துரைத்தது. 1941இல் டெட்ராய்ட் நகரத்தில் கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடுகள் கட்ட ஒருவர் முன்வந்தார். பக்கத்தில் கறுப்பர்கள் இருப்பதால் எஃப்.எச்.ஏ. ஆதரவு கிடைப்பது சிக்கலானது. அவர் இரண்டுக்கும் நடுவே 6 அடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். கடனுக்கு வழி பிறந்தது. அந்தச் சுவர் இன்றைக்கும் அங்கே நிற்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கெட்ட எண்ணம் கொண்ட ஏதோ சில வங்கிகள் பாகுபாடு காட்டின, அரசு வந்து தடுத்தது என்று கதை சொன்னால் பாதிதான் உண்மை. முதலில் விதியை எழுதியதே அரசு. வங்கிகள் அதைப் பின்பற்றிப் பழகின. முப்பது ஆண்டுப் பழக்கம், விதி போன பிறகும் போகவில்லை.

கடன் கிடைக்காதவர்கள் வீடு வாங்காமல் இருந்துவிடவில்லை. சிகாகோ போன்ற ஊர்களில் 'ஒப்பந்த விற்பனை' என்ற பொறி இருந்தது. தரகர் ஒரு வீட்டை மலிவாக வாங்கி, இரண்டு மடங்கு விலைக்குக் கறுப்பினக் குடும்பத்துக்குத் தவணையில் விற்பார். கடைசித் தவணை கட்டும்வரை வீடு அவர் பெயரில்தான் இருக்கும். ஒரு மாதம் தவறினால் வெளியே போக வேண்டியதுதான்; கட்டிய பணம் எதுவும் திரும்பி வராது. ஊருக்கெல்லாம் கிடைத்த சாதாரணக் கடன் இவர்களுக்கும் கிடைத்திருந்தால் இப்படி ஒரு வியாபாரமே நடந்திருக்காது.

சட்டங்கள் வந்த வரிசை

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். நாடாளுமன்றத்தில் இழுபறியாகக் கிடந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் ஒரே வாரத்தில் நிறைவேறியது. ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். வீடு விற்பது, வாடகைக்கு விடுவது, வீட்டுக்குக் கடன் கொடுப்பது மூன்றிலும் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்ப்பது சட்டவிரோதமானது. 1974இல் பாலினமும், 1988இல் உடல் குறைபாடும் குழந்தைகளோடு இருப்பதும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

கேட்க நன்றாக இருந்தாலும் சட்டத்துக்குப் பல் இல்லை. புகார் வந்தால் வீட்டுவசதித் துறை இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி இணங்க வைக்கலாம். அதற்கு மேல் எதையும் கட்டாயப்படுத்த அதிகாரம் கிடையாது. இருபது ஆண்டுகள் கழித்து 1988இல்தான் துறைக்கே விசாரணை நீதிபதிகளும் அபராதம் போடும் உரிமையும் வந்தன.

1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. இது முதலில் பெண்களுக்காக வந்தது. அந்தக் காலத்தில் கணவன் மனைவி இருவரும் வேலை பார்த்தாலும், மனைவி பிள்ளை பெற்றுக்கொண்டு வேலையை விட்டுவிடுவாள் என்று சொல்லி அவள் சம்பளத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள், சில இடங்களில் எடுக்கவே மாட்டார்கள். குழந்தை பெறும் எண்ணம் இல்லை, கருத்தடை செய்துகொள்கிறேன் என்று மருத்துவர் கடிதம் கேட்ட கடன் நிறுவனங்களும் உண்டு. படிக்கும்போது கோபம் வருகிறது, வர வேண்டியதுதான். 1976இல் இந்தச் சட்டம் இனம், மதம், வயது, அரசு உதவித்தொகை வாங்குவது ஆகியவற்றுக்கும் விரிந்தது. கடனை மறுத்தால் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து, காரணத்தையும் சொல்ல வேண்டும் என்ற விதி இதிலிருந்துதான் வந்தது.

இத்தனை சட்டம் இருந்தும் ஓட்டை ஒன்று இருந்தது: எந்த வங்கி எங்கே கடன் கொடுக்கிறது என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டையை அடைத்தவர்கள் பொருளாதார நிபுணர்கள் அல்ல. சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஆஸ்டின் என்ற குடியிருப்பில் ஆறு பிள்ளைகளோடு வாழ்ந்த கேல் சின்கோட்டா என்ற தாய்தான் இதில் முன்னே நின்றவர். தன் தெருக்கள் கண்ணெதிரே சீரழிவதைப் பார்த்தார். அங்கே இருப்பவர்கள் உள்ளூர் வங்கியில் பணம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்; அந்தப் பணம் அதே தெருவுக்குக் கடனாகத் திரும்பி வரவில்லை. நாங்கள் போட்ட பணம் எங்கே போகிறது என்று அவர் கேட்டார். வங்கிகள் சொல்ல மறுத்தன. 1972இல் தேசிய மக்கள் செயல் அமைப்பு உருவானது. கறுப்பர், வெள்ளையர், லத்தீன் அமெரிக்கர் என்று எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்து வாஷிங்டன்வரை போய்க் கேட்டார்கள்.

அதன் பலன் 1975 டிசம்பர் 31 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட வீட்டுக் கடன் வெளிப்படுத்தல் சட்டம். துறையில் இருப்பவர்கள் இதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹம்டா' என்பார்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை கடன், எவ்வளவு தொகை என்று வங்கி வெளியிட வேண்டும் என்பதுதான் ஆரம்பத்தில் அதன் உள்ளடக்கம். இப்படிக் கொடு, அப்படிக் கொடுக்காதே என்று அது எதுவும் சொல்லவில்லை. கணக்கைக் காட்டு, அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டு கழித்து, செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் முன்னெடுத்த சமூக மறுமுதலீட்டுச் சட்டம் வந்தது. டெபாசிட் வாங்கும் பகுதி முழுவதற்கும், ஏழைகளும் நடுத்தர வருமானக்காரர்களும் உள்ள தெருக்கள் உட்பட, கடன் தேவையை நிறைவேற்றும் கடமை வங்கிக்கு உண்டு என்றது அது. அதிகாரிகள் வங்கிகளுக்கு நான்கு படிகளில் மதிப்பெண் போடுவார்கள்; வங்கி இன்னொன்றோடு இணையவோ கிளை திறக்கவோ அனுமதி கேட்கும்போது அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். இந்தச் சட்டத்தால்தான் 2008 நிதி நெருக்கடியே வந்தது என்று ஒரு பேச்சு இன்றும் சுற்றுகிறது. நெருக்கடியை விசாரித்த அரசு ஆணையம் 2011இல் கொடுத்த அறிக்கையில், அதிக வட்டிக் கடன்களில் 6 சதவீதத்துக்குத்தான் இந்தச் சட்டத்தோடு ஏதாவது தொடர்பு இருந்தது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

அட்லாண்டாவில் வெளியான கணக்கு

1988இல் 'அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷன்' நாளிதழில் பில் டெட்மன் என்ற நிருபர் ஹம்டா கணக்குகளை எடுத்து நகரத்தின் தெருக்களோடு பொருத்திப் பார்த்தார். ஒரே அளவு வருமானம் உள்ள குடியிருப்புகளையே ஒப்பிட்டார். வெள்ளையர் பகுதிகளுக்கு, கறுப்பர் பகுதிகளைப்போல ஐந்து மடங்கு கடன் போயிருந்தது. அந்தத் தொடருக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசைவிடப் பெரிய விளைவு வேறு. 1989இல் ஹம்டா திருத்தப்பட்டது. இனிமேல் கொடுத்த கடன் மட்டுமல்ல, வந்த ஒவ்வொரு மனுவையும், மனுதாரரின் இனம், பாலினம், வருமானத்தோடும், ஏற்றதா மறுத்ததா என்ற முடிவோடும் வங்கி பதிவு செய்ய வேண்டும். நாம் முதலில் பார்த்த கட்டங்கள் கணக்கேட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

1990ஆம் ஆண்டுக்கான கணக்கு வெளிவந்தபோது, வீடு வாங்குவதற்கான வழக்கமான கடனில், வெள்ளையர் ஏழு பேரில் ஒருவருக்கு மறுப்பு. கறுப்பினத்தவர் மூன்று பேரில் ஒருவருக்கு மறுப்பு. வங்கிகள் தரப்பில் ஒரு பதில் வந்தது: இந்தக் கணக்கில் பழைய கடன் வரலாறு இல்லை, சொத்து விவரம் இல்லை, அதையெல்லாம் பார்த்துத்தான் நாங்கள் மறுத்தோம். இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. பாஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் அதை நேர்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்து வங்கிகளிடம் ஹம்டாவில் இல்லாத 38 விவரங்களைக் கூடுதலாக வாங்கி, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். கடன் வரலாறு முதலியவற்றைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் பெருமளவு குறைந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. எல்லாத் தகுதியும் ஒத்திருந்தாலும் சிறுபான்மையினருக்கு மறுப்பு சுமார் 8 சதவீதப் புள்ளி கூடுதலாகவே நின்றது. அந்த ஆய்வின் தரவுகளைக் கிளறிப் பலர் குறை சொன்னார்கள். விவாதம் பல ஆண்டு ஓடியது.

எனக்கு அந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. எந்தக் குறையும் இல்லாத மனுதாரர் எந்த இனமானாலும் கடன் வாங்கிவிட்டார். படுமோசமான மனு யாருடையதானாலும் தள்ளுபடி. வித்தியாசம் தெரிந்தது நடுவில் இருந்தவர்களிடம்: ஒரு பழைய பாக்கி, வேலை மாறியதில் ஓர் இடைவெளி, கொஞ்சம் கூடுதலான கடன். வீடு வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டம்தான். இவர்களில் ஒருவரிடம் அதிகாரி, 'அந்தப் பாக்கி ஏன் வந்தது? ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், சேர்த்துவிடலாம்' என்பார். இன்னொருவரிடம் ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுவார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, அவமதிப்பு கிடையாது. ஒருவருக்குக் கை கொடுத்தார், மற்றவருக்குக் கொடுக்கவில்லை; அவ்வளவுதான் நடந்தது. பாகுபாடு இப்படிப்பட்ட இடத்தில் ஒளிந்திருந்தால், அது நடந்தது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாமல் போவதில் வியப்பில்லை.

அட்லாண்டா செய்திக்குப் பிறகு, அரசு சார்பில் வழக்குத் தொடுக்கும் நீதித்துறை அந்த ஊரின் டெகேட்டர் ஃபெடரல் என்ற சேமிப்பு நிறுவனத்தின் கோப்புகளை எடுத்து ஆராய்ந்தது. 1992இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 48 கறுப்பின மனுதாரர்களுக்கு மொத்தம் 10 லட்சம் டாலர். தொகை சிறியது. ஆனால் கோப்புகளையும் புள்ளியியலையும் வைத்து ஒரு நிறுவனத்தின் கடன் போக்கையே நீதித்துறை வழக்காக்கியது அதுதான் முதல் தடவை. 1994இல் செவி சேஸ் வங்கி வழக்கு இன்னொரு படி போனது. வாஷிங்டன் வட்டாரத்தில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் கிளையே திறக்காமல், விளம்பரமே செய்யாமல் ஒதுங்கியதாக அந்த வங்கிமேல் குற்றச்சாட்டு. மனுவே வராதபோது மறுப்பு எங்கே இருக்கும்? ஒதுங்கி நிற்பதும் பாகுபாடுதான் என்ற வாதம் அங்கே நிலைபெற்றது. 1 கோடியே 10 லட்சம் டாலரில் வழக்கு முடிந்தது.

மறுப்பிலிருந்து விலைக்கு

2000க்குப் பிறகு காட்சி தலைகீழானது. கடன் கிடைக்காத தெருக்களில் கடன் தரகர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். கையில் இருந்தது சப்பிரைம் கடன்: முதல் இரண்டு ஆண்டு தவணை லேசாக இருக்கும், பிறகு வட்டி எகிறும். ஹம்டா படிவத்தில் இப்போது 'ஏற்கப்பட்டது' என்று பதிவாகும்; பார்க்கிறவருக்கு எல்லாம் நல்லபடியாகத் தெரியும். அதனால்தான் 2004ஆம் ஆண்டுக் கணக்கு முதல் அதிக வட்டிக் கடன்களின் வட்டி வித்தியாசத்தையும் பதியச் சொன்னார்கள். ஆனால் அதற்குள் கேடு வேரூன்றியிருந்தது.

நல்ல தகுதியோடு வந்த கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும் அதே தகுதி உள்ள வெள்ளையரைவிட அதிகக் கட்டணம் கட்டியதாகவும், பலர் சப்பிரைம் பக்கம் தள்ளப்பட்டதாகவும் கன்ட்ரிவைடு என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின்மேல் நீதித்துறை வழக்குப் போட்டது. 2011 டிசம்பரில் 33.5 கோடி டாலரில் சமரசம். பாதிக்கப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம். 2012இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இதேபோன்ற குற்றச்சாட்டில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 17.5 கோடி டாலருக்கு இணங்கியது. இந்தப் பணம் கைக்கு வந்தபோது அந்தக் குடும்பங்களில் எத்தனையோ பேர் வீட்டை ஏலத்தில் இழந்திருந்தார்கள். கண்காணிப்பு தாமதமானால் இழப்பீடு யாருக்கு உதவும் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

யார் கண்காணிக்கிறார்கள், எப்படி?

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் அதிகாரம் பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. தேசிய உரிமம் பெற்ற வங்கிகளை நிதித்துறையைச் சேர்ந்த நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் பார்க்கிறது. மாநில உரிமம் பெற்றவற்றை, அவற்றின் வகையைப் பொறுத்து, மத்திய ரிசர்வும் டெபாசிட் காப்பீட்டுக் கழகமும் பார்க்கின்றன. கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தனி அமைப்பு. 2010இல் டாட்-ஃபிராங்க் சட்டம் உருவாக்கிய நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளையும், வங்கியாக இல்லாமல் வீட்டுக் கடன் மட்டும் கொடுக்கும் நிறுவனங்களையும் பார்க்கிறது. தனிமனிதர் புகார் கொடுக்க வேண்டிய இடம் வீட்டுவசதித் துறை. கடன் கொடுப்பதில் ஒரு போக்காகவே பாகுபாடு நடப்பதாக வங்கிக் கண்காணிப்பாளர்களுக்குத் தோன்றினால், அவர்கள் நீதித்துறைக்கு எழுதியே ஆக வேண்டும். அது விருப்பம் அல்ல, கட்டாயம்.

ஆய்வுக்குப் போகும் அதிகாரி முதலில் ஹம்டா கணக்கைக் கணினியில் அலசுவார். எங்கே வித்தியாசம் தெரிகிறதோ அங்கே கோப்புகளைக் கேட்பார். மறுக்கப்பட்ட சிறுபான்மையினரின் விளிம்புநிலைக் கோப்புகளையும், அதேபோன்ற குறை இருந்தும் ஏற்கப்பட்ட வெள்ளையரின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். யாருக்கு விளக்கம் எழுத வாய்ப்புக் கிடைத்தது, யாருக்கு விதிவிலக்கு கிடைத்தது, யாருக்கு எத்தனை நாள் ஆனது என்று குறித்துக்கொண்டே போவார். சில வேளை ஆட்களையே அனுப்புவார்கள்: ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி கதை, இனம் மட்டும் வேறு. மெம்ஃபிஸ் வட்டாரத்தில் பான்கார்ப்சவுத் வங்கிக்கு இப்படி ஆட்கள் போனார்கள். அந்த வழக்கில், சிறுபான்மையினர் மனுக்களை மற்றவற்றைவிடச் சீக்கிரமாக, 21 நாளுக்குள் மறுத்துவிடுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொன்ன கூட்டத்தின் ஒலிப்பதிவே கிடைத்தது. 2016இல் 1 கோடியே 6 லட்சம் டாலரில் அது முடிந்தது. அவ்வளவு வெளிப்படையான சாட்சி கிடைப்பது மிக மிக அபூர்வம்.

சட்டம் மூன்று வகைப் பாகுபாட்டைப் பேசுகிறது. வெளிப்படையாகச் சொல்வது ஒன்று. ஒத்த இருவரை வெவ்வேறாக நடத்துவது இரண்டு. மூன்றாவதில்தான் சண்டை: எல்லாருக்கும் ஒரே விதி, ஆனால் விளைவு ஒரு பிரிவினரை மட்டும் அடிக்கிறது. 1994இல் கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஓர் உதாரணம் உண்டு. 60,000 டாலருக்குக் குறைந்த கடன் கொடுப்பதில்லை என்று ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. இனம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் அந்த ஊரில் சிறுபான்மையினர் வாங்கும் வீடுகளின் விலையே அவ்வளவுதான் என்றால்? வியாபாரத்துக்கு அந்த விதி உண்மையிலேயே தேவையா, வேறு வழி உண்டா என்று அப்போது கேட்க வேண்டும். நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் இந்த விளைவு வாதத்தை உச்ச நீதிமன்றம் 2015இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றது.

கண்காணிப்பின் கைக்கு எட்டாத இடங்களும் இருக்கின்றன. சமூக மறுமுதலீட்டுச் சட்டம் வங்கிகளுக்கு மட்டும். இன்று வீட்டுக் கடன்களில் பாதிக்கு மேல் கொடுப்பது வங்கி அல்லாத நிறுவனங்கள். டெபாசிட் வாங்காததால் அந்தக் கடமை அவற்றுக்கு இல்லை. மாசசூசெட்ஸ், இல்லினாய் போன்ற சில மாநிலங்கள்தான் தங்கள் சட்டத்தில் அவற்றையும் சேர்த்திருக்கின்றன. வீட்டு மதிப்பீடு இன்னொன்று. கடன் கொடுப்பவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபிரெடி மேக் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பேசி முடித்த விலையைவிடக் குறைவாக மதிப்பீடு வந்தது வெள்ளையர் பகுதியில் 7.4 சதவீத வீடுகளுக்கு. கறுப்பர் பகுதியில் 12.5 சதவீதத்துக்கு. மதிப்பீடு குறைந்தால் கடனும் குறையும். மனுதாரர் கையிலிருந்து கூடுதல் பணம் போட வேண்டும், இல்லை வீட்டை விட வேண்டும். அப்புறம் கணினி நிரல்கள். 1995 முதலே கடன் முடிவில் மென்பொருளுக்குப் பங்கு உண்டு. அதிகாரியின் மனநிலை அதில் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் மாதாமாதம் தவறாமல் கட்டிய வாடகை நெடுங்காலம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஃபிரெடி மேக்கைப் போலவே கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் 2021இல்தான் அதைப் பார்க்கத் தொடங்கியது. நிரல் எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் மறுப்புக்குக் குறிப்பான காரணத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்று நுகர்வோர் பணியகம் 2022இல் அறிவித்தது. 'கணினி மறுத்துவிட்டது' என்பது காரணம் ஆகாது.

காற்று மாறிய 2025

2021 அக்டோபரில் நீதித்துறை ரெட்லைனிங்குக்கு எதிராகத் தனி முயற்சி தொடங்கியது. 2022இல் ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தின் டிரைடென்ட் என்ற வங்கி அல்லாத நிறுவனமும், 2023இல் லாஸ் ஏஞ்சலிஸின் சிட்டி நேஷனல் வங்கியும் சமரசத்துக்கு வந்தன. இரண்டாவதன் தொகை 3 கோடியே 10 லட்சம் டாலர்.

2025 ஏப்ரலில், விளைவை வைத்து மட்டும் பாகுபாடு என்று சொல்லும் வாதத்தைக் கைவிடும்படி அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். ஜூலையில் நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் தன் ஆய்வுகளிலிருந்து அதை நீக்கியது. சிகாகோவின் டவுன்ஸ்டோன் என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் வழக்கில் நடந்தது இன்னும் விநோதம். வானொலி நிகழ்ச்சியில் பேசிய பேச்சால் கறுப்பினத்தவரை மனு போடவிடாமல் சோர்வடையச் செய்ததாக நுகர்வோர் பணியகம் தொடுத்த வழக்கு அது. மனு போடுவதற்கு முன்பே நடப்பதும் சட்டத்துக்குள் வரும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது, அதே ஆண்டு சமரசமும் ஆனது. 2025இல் வழக்குத் தொடுத்த பணியகமே அந்தச் சமரசத்தை ரத்து செய்யக் கேட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது.

விளைவு வாதத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: எண்ணிக்கை சமமாக வர வேண்டுமே என்ற பயத்தில் வங்கி தகுதி பார்க்காமல் கொடுத்துவிடக் கூடாது. 2008ஐப் பார்த்தவர்கள் யாரும் அதை லேசாக எடுக்க மாட்டார்கள். ஆனால் வாய்விட்டுச் சொன்னால்தான் பாகுபாடு என்று வைத்துக்கொண்டால், இனிமேல் பிடிபடுபவர்கள் ஒலிப்பதிவில் மாட்டுபவர்கள் மட்டும்தான். இன்றும் வெள்ளையரில் சுமார் 74 சதவீதத்தினருக்குச் சொந்த வீடு இருக்கிறது, கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதத்தினருக்கு. 1960இல் இந்த இடைவெளி 27 புள்ளி அளவில் இருந்தது. சட்டங்கள் அத்தனையும் வந்த பிறகும் அது குறையவில்லை என்பது என்னை வருத்துகிறது. கண்காணிப்பு வீண் என்று நான் இதைப் படிக்கவில்லை. முப்பது ஆண்டு அரசே செய்த வேலையின் ஆழம் இதில் தெரிகிறது.

நடைமுறைக்கு ஒன்றிரண்டு. கடன் மறுக்கப்பட்டால் வரும் காரணக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன் கொடுப்பவர் தாமாகவே உங்களுக்குத் தர வேண்டும், வராவிட்டால் கேளுங்கள். பாகுபாடு என்று சந்தேகம் வந்தால் வீட்டுவசதித் துறையில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்படி நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு, சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு அவகாசம்.

ஹம்டா கணக்கு ஒவ்வோர் ஆண்டும் மறு ஆண்டு இணையத்தில் வெளியாகிறது. பெயர் இருக்காது, கிரெடிட் ஸ்கோர் இருக்காது. வட்டாரம், தொகை, வருமானம், இனம், முடிவு இருக்கும். காசு கொடுக்காமல் யாரும் இறக்கிப் பார்க்கலாம், எந்த நிறுவனம் எந்தத் தெருக்களைத் தாண்டிப் போகிறது என்று தாங்களே எண்ணிப் பார்க்கலாம். சின்கோட்டா கேட்டபோது வங்கிகள் தர மறுத்த கணக்கு அது. 'ஆசிய இந்தியர்' என்ற கட்டத்தில் நீங்கள் போட்ட குறியும் அதில் ஒரு வரியாக இருக்கிறது.